சித்தூர் நாகையா: இரண்டு முறை வழி தேடியவர்

சென்னை தியாகராய நகரில் பனகல் பூங்கா இருக்கிறது. அங்கே ஒரு நடிகருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். சித்தூர் நகரில் அதே நடிகரின் பெயரால் ஒரு கலாக்ஷேத்திரம் இருக்கிறது. அந்தப் பெயர் சித்தூர் வி. நாகையா. தெலுங்கர்கள் அவரைத் தங்கள் திரையுலகின் முதல் பெரிய குணசித்திர நடிகர் என்று கொண்டாடுகிறார்கள். தமிழர்களுக்கோ அவர் அசோகச் சக்கரவர்த்தி. மீராவின் கணவரான ராணா. 'ஏழை படும் பாடு' கந்தன். 'பாவ மன்னிப்பு' படத்தில் சிவாஜி கணேசனை வளர்த்து ஆளாக்கும் இஸ்மாயில் பெரியவர்.

இவ்வளவு புகழ் பெற்றவர் ஒரு காலத்தில் இதே சித்தூரில் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அவருடைய வாழ்க்கையில் இரண்டு முறை எல்லா வழியும் அடைபட்டது. முதல் முறை முப்பது வயதை ஒட்டி. இரண்டாவது முறை புகழின் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கிய பிறகு. முதல் முறை ஒரு கதவு திறந்தது. இரண்டாவது முறை அப்படிக் கதவு எதுவும் திறக்கவில்லை. இரண்டு முறையும் அவர் என்ன செய்தார் என்பது, பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து, ஒரே மேஜையில், ஒரே வேலையில் வருஷங்களைக் கழிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

பிறந்த ஊர் வேறு

நாகையா பிறந்தது சித்தூரில் அல்ல. 1904-ஆம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி, குண்டூர் ஜில்லா ரேபல்லேயில், வைதிகப் பிராமணக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெயருக்கு முன்னால் வரும் 'வி' என்ற எழுத்து உப்பலதடியம் என்ற வீட்டுப் பெயரைக் குறிப்பது. அதைத் தெலுங்கு வழக்கில் வகரம் சேர்த்து உச்சரிப்பார்கள். ஆனால் அந்த வீட்டுப் பெயரும் நிலைக்கவில்லை. பிறந்த ஊரின் பெயரும் ஒட்டவில்லை. வளர்த்த ஊரும் பிழைப்புக் கொடுத்த ஊருமான சித்தூர்தான் கடைசி வரை அவர் பெயரோடு நின்றது.

அவர் பிறந்தபோது சித்தூர் ஜில்லா என்று ஒன்றே கிடையாது. சித்தூர் அன்று வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. 1911 ஏப்ரல் முதல் தேதிதான், வட ஆற்காட்டிலிருந்து சில தாலுகாக்களும் கடப்பையிலிருந்து சில தாலுகாக்களும் பிரிக்கப்பட்டு, சித்தூரைத் தலைநகராகக் கொண்ட புது ஜில்லா உண்டாயிற்று. அதனால் இங்கே தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், பல சமயம் ஒரே வீட்டில் புழங்கின. 1953-ல் ஆந்திரம் தனி ராஜ்யமாகப் பிரியும் வரை இந்த ஜில்லா சென்னை ராஜதானியோடு இருந்தது. திருத்தணிப் பகுதி 1960-ல் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தது. இப்படி இரண்டு மொழிகளுக்கும் நடுவே இருந்த ஊரில் வளர்ந்த பையனுக்குப் பின்னாளில் இரண்டு மொழிப் படங்களும் சொந்த வீடாயின என்றால் அதில் வியப்பில்லை.

குடும்பம் வசதியானதல்ல. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் உதவிச் சம்பளம் பெற்று அவர் படித்ததாக வரலாறு. அந்தக் காலத்தில் கோயில் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளின் கையில் இருந்தது. 1843 முதல் 1933 வரை அவர்கள்தான் நிர்வாகம். ஏழுமலையான் உண்டியலில் யாரோ போட்ட காசு, எங்கோ ஒரு ஏழைப் பையனின் புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆயிற்று.

குமாஸ்தா நாற்காலி

படிப்பு முடிந்ததும் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அந்த நாளில் ஒரு ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் கிடையாது. மாதம் பிறந்தால் சம்பளம்; வேலை நிரந்தரம்; ஊரில் மரியாதை. பெண் கொடுக்க முன்வருவார்கள். கடைக்காரன் கடன் கொடுப்பான்.

ஆனால் குமாஸ்தா வேலையின் இன்னொரு பக்கத்தை அதில் இருப்பவர்கள்தான் அறிவார்கள். இன்று வந்த காகிதத்துக்கு நாளைப் பதில். நாளை வரும் காகிதத்துக்கு மறுநாள் பதில். எழுதுகிறவன் கை ஒன்று. கையெழுத்துப் போடுகிறவர் வேறு ஒருவர். பத்து வருஷம் கழித்து எந்த நாற்காலியில் இருப்போம் என்பது இன்றைக்கே தெரிந்துவிடும். அதுவே ஒருவனுக்கு நிம்மதி. இன்னொருவனுக்கு மூச்சு முட்டல்.

நாகையா இரண்டாவது ரகம். அவர் குமாஸ்தா வேலையில் நிலைக்கவில்லை. அடுத்து 'ஆந்திர பத்திரிகா' நாளிதழில் நிருபராகப் பணி செய்தார். காசிநாதுனி நாகேசுவர ராவ் 1908-ல் பம்பாயில் தொடங்கி, 1914-ல் சென்னையில் நாளிதழாக நடத்திய பத்திரிகை அது. காந்தியடிகளிடம் நாகையாவுக்கு மிகுந்த பற்று. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் நாட்டை உலுக்கிய போது இவருடைய மனமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. சர்க்கார் மேஜை, பத்திரிகை, தேசத் தொண்டு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போனார். எதுவும் முழு வயிற்றுக்கும் முழு மனசுக்கும் போதவில்லை.

மாலை நேரத்து மேடை

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் கைவிடவில்லை. அது சாயங்கால நாடகம்.

சித்தூரில் ராம விலாச சபை என்று ஒரு நாடக சபை இருந்தது. அந்தக் காலத்தில் இம்மாதிரி அமெச்சூர் சபைகள் தென்னாட்டு ஜில்லாத் தலைநகரங்களில் எல்லாம் இருந்தன. வக்கீல்களும் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் பகலில் வேலை பார்த்துவிட்டு, இரவில் ஹார்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பார்கள். பெண்கள் மேடை ஏறுவது அரிது. ஆகவே நல்ல குரலும் நல்ல முகவெட்டும் உள்ள இளைஞர்கள்தான் பெண் வேஷம் கட்டுவார்கள். நாகையாவும் பெண் வேஷம் கட்டியவர்தான். 'சாரங்கதரா' நாடகத்தில் அவர் போட்ட சித்ராங்கி வேஷம் பேர் பெற்றது.

அன்று நாடகத்தில் நடிக்கிறவனுக்குச் சமூகத்தில் பெரிய மரியாதை இல்லை. அமெச்சூர் சபை என்பதால் வருமானமும் பெரிதாக இல்லை. வீட்டாரின் கண்ணில் அது வெறும் பொழுதுபோக்கு. ஆனால் பாட்டு, பாவம், வசன உச்சரிப்பு, மேடையில் நிற்கும் விதம் ஆகிய எல்லாவற்றையும் அவருக்குக் கற்றுக் கொடுத்த கல்லூரி அதுதான். பணம் வராத ஒரு வேலையை, பணம் வருகிற வேலையைவிடக் கவனமாகச் செய்து பழகினார். பின்னாளில் அவரைக் காப்பாற்றப் போவது அதுதான் என்று அப்போது அவருக்கே தெரிந்திருக்க நியாயம் இல்லை.

இரண்டு இழப்புகள்

முதல் மனைவி இறந்து போனார். மறுமணம் செய்து கொண்டார். இரண்டாவது மனைவியும் இறந்து போனார். இளம் வயதில் ஒரு மனிதனுக்கு இரண்டு முறை வீடு இருண்டது.

பிரசவ அறைக்குள் போன பெண் திரும்பி வருவாளா என்று வீடே நடுங்கிக் கொண்டிருந்த காலம் அது. ஆஸ்பத்திரி பெரிய ஊர்களில்தான் இருந்தது. கிருமிகளைக் கொல்லும் பென்சிலின் போன்ற மருந்துகள் சாதாரண ஜனங்களின் கைக்கு வர இன்னும் பல வருஷங்கள் இருந்தன. அந்தத் தலைமுறையில் இவரைப் போலத் துயரப்பட்ட ஆண்கள் அநேகம். பலர் மூன்றாவது கல்யாணம் செய்து கொண்டு பழைய வாழ்க்கையைத் தொடர்ந்தார்கள். நாகையாவின் மனம் அப்படித் திரும்பவில்லை. உத்தியோகம் நிலைக்கவில்லை, குடும்பம் நிலைக்கவில்லை, இனி எதற்கு என்ற கேள்விதான் மிஞ்சியது.

அவர் திருவண்ணாமலைக்குப் போனார். ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் போய்த் தங்கினார்.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் தர்மாவரம் போகும் ரயில் பாதையை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு பொருள் புரியும். சித்தூரும் திருவண்ணாமலையும் அன்றைய மீட்டர் கேஜில் ஒரே தடத்தில் இருந்த ஸ்டேஷன்கள். தூரம் அதிகமில்லை. ஆனால் வாழ்க்கையை விட்டு விலகிவிட வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு அது உலகத்தின் அந்தக் கோடி.

ரமணர் 1896-ல் பதினாறு வயதில் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்து, 1950 ஏப்ரல் 14-ல் மறையும் வரை அந்த மலையடியை விட்டு நகராதவர். ஆனால் தன்னிடம் வந்தவர்களை எல்லாம் வீடு வாசலை விட்டுவிட்டு வரும்படி அவர் சொன்னதில்லை. மனத்தைச் சுமந்துகொண்டு எங்கே போனாலும் அது கூடவே வரும். இருக்கிற இடத்திலேயே, செய்கிற வேலைக்கு நடுவிலேயே தன்னை விசாரித்து அறியலாம் என்பதுதான் அவர் போதனையின் சாரம். குடும்பஸ்தர்களும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அங்கே வந்து சில நாள் உட்கார்ந்திருந்துவிட்டு மீண்டும் தங்கள் வேலைக்குத் திரும்பிப் போனார்கள்.

நாகையாவும் அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிடவில்லை. ஒரு காலம் இருந்தார், திரும்பினார். திரும்பியபோது பழைய குமாஸ்தா நாற்காலிக்குப் போகவில்லை. கையில் மிச்சமிருந்த ஒரே தொழிலான பாட்டுக்கும் நடிப்புக்கும் போனார்.

முப்பத்து நான்காம் வயதில்

நாடு அப்போது மாறிக் கொண்டிருந்தது. 1931-ல் எச். எம். ரெட்டி இயக்கிய 'காளிதாஸ்' படத்தோடு தென்னாட்டில் பேசும் படம் பிறந்தது. அந்த நாளில் பின்னணிப் பாடகர் என்று தனியாக யாரும் கிடையாது. காமிராவின் முன் நிற்கிறவனே பாட வேண்டும். ஆகவே தயாரிப்பாளர்கள் நாடக மேடைகளிலும் கிராமபோன் இசைத்தட்டுகளிலும் குரல் தேடி அலைந்தார்கள். வருமானம் இல்லாமல் வருஷக் கணக்கில் நாகையா மேடையில் பழகிய தொழிலுக்குத் திடீரென்று ஒரு சந்தை உண்டாயிற்று.

அதே எச். எம். ரெட்டி 1938-ல் எடுத்த 'கிருஹலக்ஷ்மி' என்ற தெலுங்குப் படத்தில் நாகையாவுக்கு முதல் வாய்ப்பு வந்தது. கதாநாயகன் வேடமல்ல. தேசபக்தியும் சீர்திருத்த ஆர்வமும் உள்ள ஒரு துணைப் பாத்திரம். அதில் கள்ளுக் குடியை விடச் சொல்லி ஜனங்களிடம் அவர் பாடும் பாட்டு ஒன்று பட்டிதொட்டி எல்லாம் பரவியது. ராஜாஜியின் மந்திரிசபை 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கை 1938-ல் சித்தூர் ஜில்லாவுக்கும் கடப்பைக்கும் நீட்டித்த சமயம் அது. பாட்டும் காலமும் பொருந்தி வந்தன.

படம் வெளிவந்தபோது அவருக்கு வயது முப்பத்து நான்கு. இனி என்ன புதிதாகத் தொடங்குவது என்று பெரும்பாலோர் ஓய்ந்து உட்காரும் வயது அது.

வேலையில்லாதவன் கதை

அந்தப் படத்தில் கூட்டாளியாக இருந்த பி. என். ரெட்டி தனியாகப் பிரிந்து, மூலா நாராயண சுவாமியின் துணையோடு வாஹினி நிறுவனத்தைத் தொடங்கினார். வாஹினியின் முதல் படம் 'வந்தே மாதரம்', 1939. கதாநாயகன் நாகையா. இசையமைப்பும் அவரே.

கதை என்ன? படித்துப் பட்டம் வாங்கிய ஒரு இளைஞனுக்கு வேலை கிடைக்கவில்லை. வீட்டில் வறுமை, மாமியார் மருமகள் சச்சரவு. பிழைப்புத் தேடிப் பட்டணம் போகிறான். அங்கே லாட்டரிச் சீட்டு ஒன்றில் பணம் விழுகிறது. பணம் வந்தும் பிரிந்த குடும்பம் உடனே ஒன்று சேர்ந்துவிடுவதில்லை. உலகப் பொருளாதார மந்தத்தால் படித்தவர்கள் வேலைக்கு அலைந்த முப்பதுகளில் இந்தக் கதை ஜனங்களின் நெஞ்சைத் தொட்டது. உத்தியோகத்தை விட்டும் இழந்தும் அலைந்த ஒருவரே அந்த வேடத்தைக் கட்டியதால் அதில் பொய் தெரியவில்லை.

அடுத்து 1940-ல் 'சுமங்கலி'. விதவை மறுமணத்தைப் பேசிய படம். முப்பத்தாறு வயது நாகையா அதில் எழுபது வயதுச் சீர்திருத்தக் கிழவராக வந்தார். கதாநாயகனாக வெற்றி பெற்ற மறு வருஷமே கிழவன் வேஷம் போட எத்தனை நடிகர்கள் சம்மதிப்பார்கள்? அந்த மனப்பான்மைதான் பின்னால் அவருக்கு வேறு விதமாகக் கைகொடுத்தது.

1943-ல் 'பக்த போதனா' வந்தது. அரசனுக்குத் தன் காவியத்தைக் காணிக்கையாக்க மறுத்து, ஏர் உழுது பிழைத்த பாகவதக் கவி போதனாவின் கதை. இதை இயக்கிய கே. வி. ரெட்டிக்கு இதுவே முதல் படம். அவர் அதற்கு முன் பட நிறுவனத்தில் காசாளராகக் கணக்குப் பார்த்தவர். பின்னாளில் 'பாதாள பைரவி', 'மாயா பஜார்' போன்ற படங்களை எடுத்துப் பெரும் பேர் வாங்கினார். பழைய குமாஸ்தா நடிக்க, பழைய காசாளர் இயக்கிய படம் தென்னாடு முழுவதும் ஓடியது.

தமிழ்நாடு அறிந்த நாகையா

தமிழில் 1941-ல் ராஜா சந்திரசேகர் இயக்கிய 'அசோக் குமார்' வந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் குணாளன், பி. கண்ணாம்பா இளைய ராணி. நாகையா அசோகச் சக்கரவர்த்தி. அந்தப் படத்தில் எம்.ஜி.ஆருக்குச் சிறிய வேடம்தான். பாகவதரின் புகழ் கொடிகட்டிப் பறந்த நாளில், அவருக்கு எதிரே நின்று, மகனின் கண்களைப் பறிக்கக் காரணமாகிப் பின் மனம் உடையும் தந்தையாக நாகையா நடித்தார். 1945-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'மீரா'வில் எம். எஸ். சுப்புலட்சுமிக்குக் கணவரான ராணா.

1950-ல் கோவை பட்சிராஜா நிறுவனத்தின் 'ஏழை படும் பாடு' வெளிவந்தது. பிரெஞ்சு ஆசிரியர் விக்டர் ஹியூகோ 1862-ல் வெளியிட்ட பெரிய நாவலைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் இதே பெயரில் தமிழாக்கினார். அதைத் தழுவிய படம் இது. இயக்கியவர் கே. ராம்நாத். வாஹினியின் ஆரம்ப நாட்களில் காமிரா பிடித்தவர் அவர்தான். பசிக்காகத் திருடிச் சிறை சென்ற கந்தனாக நாகையா நடித்தார். வெளியே வந்தவனுக்கு எங்கும் இடமில்லை. ஒரு சாமியார் காட்டிய கருணையால் மனம் மாறி, பெயரையும் மாற்றிக்கொண்டு, ஊர் மதிக்கும் மனிதனாகிறான். ஆனால் பழைய குற்றத்தைத் தோண்டிக்கொண்டு ஒரு போலீஸ் அதிகாரி விடாமல் துரத்துகிறார். அந்த அதிகாரி வேடத்தில் நடித்த சீதாராமன் அன்று முதல் 'ஜாவர்' சீதாராமன் ஆனார். அடைபட்ட வாழ்க்கையிலிருந்து ஒருவன் வெளியேறும் கதை அது. தமிழ் மக்கள் நாகையாவை என்றென்றும் நினைவில் வைத்தது இந்தப் படத்துக்காகத்தான்.

உச்சி

இதற்கு முன்பே, 1946-ல், அவர் வாழ்க்கையின் சிகரம் வந்துவிட்டது. சொந்தமாக ரேணுகா பிலிம்ஸ் என்ற நிறுவனம் வைத்திருந்தார். அதன் சார்பில் 'தியாகய்யா' படத்தைத் தாமே தயாரித்து, இயக்கி, இசையமைத்து, தியாகராஜ சுவாமிகளாக நடித்தார். திருவையாற்றில், காவேரிக் கரையில், தமிழர் நடுவே வாழ்ந்து தெலுங்கில் பாடியவர் தியாகராஜர். இரண்டு மொழிக்கும் பொதுவான அந்த மகானை, இரண்டு மொழிக்கும் பொதுவான ஊரிலிருந்து வந்தவர் திரையில் காட்டினார். அபிநவ தியாகராஜர் என்று அவரைப் போற்றினார்கள். அடுத்த ஆண்டு 'யோகி வேமனா'வும் வந்து பெயரை உயர்த்தியது.

கையில் பணம் புரண்டது. வீட்டில் அடுப்பு அணையவில்லை. வாய்ப்புத் தேடிச் சென்னைக்கு வந்தவர்கள், நலிந்த கலைஞர்கள், கேட்டவர், கேளாதவர் எல்லோருக்கும் அங்கே சாப்பாடு உண்டு. தாம் ஒரு காலத்தில் தேவஸ்தானத்தின் உதவியில் படித்தவர் என்பதை அவர் மறக்கவில்லை. கொடுத்தார், கொடுத்துக் கொண்டே இருந்தார். கணக்கு மட்டும் பார்க்கவில்லை. குமாஸ்தாவாக இருந்தவர் தம் சொந்தக் கணக்கைப் பார்க்கவில்லை என்பது வேடிக்கையான விஷயம். வேதனையான விஷயமும் கூட.

மீண்டும் ஒரு முட்டுச் சந்து

1953-ல் 'நா இல்லு' என்று தெலுங்கிலும் 'என் வீடு' என்று தமிழிலும் ஒரு படம் எடுத்தார். சொந்தப் படங்கள் தொடர்ந்து கை கொடுக்கவில்லை. தாராளமும் நஷ்டமும் சேர்ந்து சொத்தைக் கரைத்தன. 'என் வீடு' என்று படம் எடுத்தவருக்குச் சொந்த வீடும் மிஞ்சவில்லை.

ஐம்பது வயதைக் கடந்த பிறகு வந்த இந்த நெருக்கடி முன்னதைவிடக் கடினமானது. முதலில் அவர் யாருக்கும் தெரியாத குமாஸ்தா. விழுந்தாலும் பார்ப்பவர் இல்லை. இப்போது ஊரறிந்த மனிதர். ஒரு காலத்தில் அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களின் ஆபீசில் இவர் போய்க் காத்திருக்க வேண்டிய நிலை. இந்த நிலையில் பலர் குடியில் விழுந்திருக்கிறார்கள். பலர் வெளியே வராமல் வீட்டுக்குள் முடங்கியிருக்கிறார்கள்.

நாகையா நடிக்கப் போனார். கொடுத்த வேஷத்தை வாங்கிக் கொண்டார். 1958-ல் 'சம்பூர்ண ராமாயண'த்தில் தசரதர். 1961-ல் 'பாவ மன்னிப்பு' படத்தில் இஸ்மாயில். 1969-ல் 'தெய்வ மகன்' படத்தில் பெற்றோர் அறியாத பிள்ளையை ஆதரிக்கும் பாபா. தந்தை, பெரியவர், சாமியார், வைத்தியர் என்று வந்த வேடங்களில் சில நல்லவை. பல ஒரு காட்சி, இரண்டு காட்சிக்கானவை. ஒரு காலத்தில் தாம் வாங்கிய சம்பளத்தோடு ஒப்பிட்டால் கிடைத்தது அற்பம். வந்த காட்சியைச் சுருக்கி நடித்தார் என்றோ, அலட்சியமாக நடித்தார் என்றோ யாரும் குறை சொன்னதில்லை. முப்பத்தாறு வயதில் கிழவன் வேஷத்துக்கு முகம் சுளிக்காதவர், அறுபது வயதில் சின்ன வேஷத்துக்கும் முகம் சுளிக்கவில்லை.

இந்தச் சிறு வருமானத்துக்கு நடுவிலும் ஒரு ஆசையை விடாமல் வளர்த்தார். பத்ராசலம் ராமதாசரின் கதையைப் படமாக்க வேண்டும் என்பது அந்த ஆசை. சர்க்கார் வரிப் பணத்தைக் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டதற்காகக் கோல்கொண்டாச் சிறையில் பல வருஷம் கிடந்த தாசில்தார் கோபன்னாதான் ராமதாசர். பணமில்லாமல் நின்று நின்று, இழுத்து இழுத்து, கடைசியில் 1964-ல் 'பக்த ராமதாசு' வெளிவந்தது. தயாரிப்பும் இயக்கமும் நாகையா. ராமதாசராக நடித்தவரும் அவரே. ராமதாசரைச் சிறை மீட்க ராமபிரானே வந்து பணம் கட்டினார் என்பது கதை. நாகையாவின் கடனைக் கட்ட அப்படி யாரும் வரவில்லை. படம் அவருடைய பணநிலையை மீட்டுக் கொடுக்கவில்லை. மறு வருஷம், 1965-ல், மத்திய சர்க்கார் பத்மஸ்ரீ விருது அளித்தது. விருது கௌரவம் தந்தது. பட்டறைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை.

1973-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி சென்னையில் காலமானார். அப்போது வயது அறுபத்தொன்பது.

இந்த வாழ்க்கை சொல்வது

வேலையை உதறிவிட்டு வெளியே வா, உலகம் உனக்காகக் காத்திருக்கிறது என்று இந்த வாழ்க்கை சொல்லவில்லை. நாகையா வேலையை விட்டதும் உலகம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. பல வருஷம் அலைந்தார். கதவு திறந்ததற்குக் காரணம், அவர் குமாஸ்தாவாக இருந்த நாளிலேயே, ஒருவரும் கேட்காமல், சாயங்காலத்தில் ஒரு தொழிலைக் கைவிடாமல் பழகி வைத்திருந்ததுதான். நாற்காலி போயிற்று, வீடு இருண்டது, ஊரை விட்டே போனார். திரும்பி வந்தபோது கையில் அது மட்டும் இருந்தது. காலம் அதைக் கேட்டு வந்தது.

எல்லாக் கதவும் திறக்கும் என்றும் இந்த வாழ்க்கை சொல்லவில்லை. இரண்டாவது முறை திறக்கவில்லை. பத்து ரூபாய் கையில் நின்றால் இரண்டு ரூபாயாவது தனக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற பாடத்தை அவர் கற்கவே இல்லை. கொடுக்கிற மனம் உள்ளவர்களுக்கு இந்த எச்சரிக்கையும் அவசியம். ஆனால் கதவு திறக்காதபோது மனிதன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழைய உயரத்தை அளந்து பார்த்துக் கொண்டிராமல், இன்று கிடைத்த வேலையை இன்று நன்றாகச் செய்வது. பதினைந்து வருஷத்துக்கும் மேல் நாகையா அதைச் செய்தார். இன்று நாம் திரையில் கண் கலங்கிப் பார்க்கிற இஸ்மாயில் பெரியவர், சொத்தெல்லாம் போன பிறகு அவர் கூலிக்குப் போட்ட வேஷம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சித்தூரிலும் திருப்பதியிலும் இன்று எத்தனையோ தமிழர்கள் ஆபீசிலும் மில்லிலும் கடையிலும் ஸ்டேஷனிலும் வேலை பார்க்கிறார்கள். இது நம்முடைய ஊரல்ல, இங்கே நமக்கு என்ன இருக்கிறது என்ற எண்ணம் சில இரவுகளில் வருவது இயற்கை. குண்டூர் ஜில்லாவிலிருந்து வந்த ஒருவருக்குச் சித்தூர் தன் பெயரையே கொடுத்தது. அந்தப் பெயரைச் சம்பாதிக்க அவர் முதலில் செய்தது, ஆபீஸ் முடிந்த பிறகு ஒத்திகைக்குப் போனதுதான்.